கொடுத்து வாங்கும் சிநேகம்



குழந்தைகளுக்கென்று வெளிவரும் சித்திரப் புத்தகங்களில் அநேகம் சிநேகத்தையும் இரக்கத்தையும் போதிப்பவை. அவற்றை வாங்கித் தருவதும், மடியில் வைத்து வாசித்துக் காட்டுவதும் மெத்த நல்ல காரியம். ஆனால் அன்பைப் பற்றிய கதை எல்லாம் அன்பைக் கற்பித்துவிடுமா? சற்று யோசிப்போம்.

சுவிட்சர்லாந்து தேசத்தவரான மார்க்குஸ் ஃபிஸ்டர் 1992-ம் ஆண்டில் ‘வானவில் மீன்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். மினுமினுக்கும் செதில்களையுடைய ஒரு மீனிடம் சின்ன நீல மீன் ஒன்று ஒரு செதில் கேட்கிறது. அழகு மீன் கர்வத்தோடு அதை விரட்டிவிடுகிறது. அன்று முதல் மற்ற மீன்கள் அதனோடு சேருவதில்லை. பிறகு ஓர் ஆக்டோபஸின் புத்திமதிப்படி செதில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, தனக்கு ஒன்றே மிஞ்சிய நிலையில் அது சந்தோஷமடைகிறது.

கர்வத்தை விட்டது நன்று. பகிர்ந்து கொடுத்ததும் நன்று. ஆனால் அந்த மற்ற மீன்களைக் கவனியுங்கள். செதில் கிடைத்த பிறகல்லவா அவை சிநேகம் பாராட்டின! இதைக் கேட்கும் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தன் பென்சிலையும் மிட்டாயையும் கொடுத்துப் பார்க்கும். சிநேகிதர் கிடைக்காவிட்டால், கொடுத்ததெல்லாம் வீண் என்று மனம் கசந்துபோகும். கிடைத்தாலோ, மிட்டாய் தீர்ந்த அன்றே சிநேகமும் தீர்ந்துவிடும். இதற்கு வியாபாரம் என்றல்லவா பெயர்?

“அப்படியானால், எதையும் எதிர்பாராமல் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லலாமா?” என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு புத்தகம் உண்டு. அமெரிக்கரான ஷெல் சில்வர்ஸ்டீன் 1964-ல் எழுதியது; ‘கொடுக்கும் மரம்’ என்று சொல்லலாம். ஒரு மரம் தான் நேசித்த பையனுக்குக் கனிகளையும், கிளைகளையும், கடைசியில் அடிமரத்தையுமே கொடுத்து வெறும் கட்டையாகிறது. அந்த மரத்தில் தங்கள் முகத்தையே காணும் தாய்மார் உண்டு. தியாகம் மெய்தான். ஆயினும் அந்தப் பையன் கிழவனாகும் வரையில் வாங்கியே பழகினான். மரத்துக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நம் பிள்ளை மரமாகவும் வேண்டாம், அந்தப் பையனாகவும் வேண்டாம்.

மூன்றாவது புத்தகம், ஃபிலிப் ஸ்டெட் எழுதி அவர் மனைவி எரின் ஸ்டெட் சித்திரம் வரைந்தது. 2010-ல் வெளிவந்து, மறு வருஷம் அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம் பெற்றது. ஏமஸ் என்ற கிழவர் மிருகக்காட்சிச் சாலையில் வேலை செய்கிறார். யானையோடு சதுரங்கம் ஆடி, அது யோசிக்கும் வரையில் காத்திருப்பார். ஆமையோடு ஓடுவார், ஆமை ஒருநாளும் தோற்பதில்லை. கூச்சமுள்ள பென்குவின் பக்கத்தில் பேசாமல் உட்காருவார். மூக்கு ஒழுகும் காண்டாமிருகத்துக்குக் கைக்குட்டை தருவார். இருட்டுக்குப் பயப்படும் ஆந்தைக்குக் கதை வாசிப்பார். ஒருநாள் அவர் ஜலதோஷத்தால் படுத்துவிட, அவை யாவும் பஸ் ஏறி அவர் வீட்டுக்கே வந்துவிடுகின்றன.

“இங்கேயும் பிரதிபலன் கிடைத்ததே!” எனலாம். கிடைத்தது, ஆனால் அதற்காக அவர் கொடுக்கவில்லை. அவர் கொடுத்த பொருளும் ஒரு கைக்குட்டைதான். யாருக்கு எது தேவை என்று கவனித்தாரே, அதுதான் பெரிது. கூச்சப்படுகிறவன் அருகே வாய் மூடி உட்காருவதும் அன்பு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகையால் எந்தப் புத்தகத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. வாசித்தபின் கேள்வி கேளுங்கள். “செதில் தராவிட்டாலும் அந்த மீனோடு யாராவது பேசியிருக்கலாமா?” “மரத்துக்கு என்ன ஆசை இருந்திருக்கும்?” “உன் வகுப்பில் தனியாக உட்காருவது யார்? அவனுக்கு என்ன பிடிக்கும்?” கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், நாளைக்குத் தெரிந்துகொண்டு வரட்டும்.

இன்னொன்று. குழந்தை புத்தகத்தைப் பார்ப்பதைவிட நம்மை அதிகம் பார்க்கிறது. கலியாண வீட்டுக்குப் புறப்படுமுன் பழைய மொய் நோட்டைப் புரட்டுகிறோம். அவர்கள் செய்த அளவுக்கு நாமும் செய்கிறோம். அது ஊர் வழக்கம், இருக்கட்டும். ஆனால் நோயாய்க் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போகும்போது, “அவர் நம்மைப் பார்க்க வந்தாரா?” என்ற கேள்வி நம் வீட்டில் எழாதிருக்கட்டும். போகும்போது பிள்ளையையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.