அலையும் அறமும்

தொலைவில் இருப்பவரிடம் அன்பு காட்டுதல் எளிது. சுவருக்கு அப்பால் இருப்பவரிடம் அன்பு காட்டுதலே அரிது. தொலைவில் உள்ளவர் நம் குரலை மட்டுமே கேட்கிறார். அண்டை வீட்டாரோ நம் இரைச்சல் முழுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியவராகிறார். இப்பழைய உண்மையை, அமெச்சூர் வானொலியாளர் தம் கையாலேயே செய்துகொள்ளும் ஒரு சிறு கருவி தெளிவுற விளக்குகிறது. அதன் பெயர் பாலுன்.

மலேசியாவில் இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெச்சூர் வானொலியாளர்களின் சங்கம் 1952ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள் தத்தம் அழைப்புக் குறியோடு உலகின் பல மூலைகளுடன் உரையாடுகின்றனர். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேச விரும்புபவருக்கு ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள ஏரியல் கம்பி வேண்டும். கிள்ளானின் தொடர்வீடு ஒன்றின் அகலமோ ஆறேழு மீட்டர்தான். எனவே கம்பி முன்வேலியிலிருந்து பின்சந்து வரை நீள்கிறது, இருபுறமும் பொதுச்சுவர்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலோ மேலும் கீழுங்கூட அண்டை வீடுகளே.

ஏரியல் கம்பியின் இரு கைகளும் ஒன்றுக்கொன்று சமமானவை. வானொலிப் பெட்டியிலிருந்து வரும் கோஆக்சியல் வடம் அத்தகையதன்று. அதன் நடுவே ஒரு கம்பியும், அதனைச் சூழ்ந்து ஓர் உலோக உறையும் உள்ளன. சமமான ஒன்றையும் சமமற்ற ஒன்றையும் நேரே பிணைத்தால், மின்னோட்டத்தின் ஒரு பகுதி வழிதவறி, உறையின் வெளிப்புறமாக வீட்டுக்குள் இறங்குகிறது. அப்போது வடமே ஓர் ஏரியலாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி கரகரக்கிறது. இந்த வழிதவறிய ஓட்டத்தைத் தடுப்பதே பாலுனின் பணி. நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தோருக்கு இக்கருவியின் கருத்து புதியதன்று.

செய்முறையும் கடினமானதன்று. 1944இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் குஸ்தாவ் குவானெல்லா வெளியிட்ட கருத்தே இதற்கு அடிப்படை. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃபெரைட் வளையத்தில், மெல்லிய வடத்தைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றி, மழைநீர் புகாத பெட்டியில் வைத்து மூடினால் போதும். ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடுடன் பிற உலோக ஆக்சைடுகளைக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்ட பொருள். செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸுக்கு இதுவும் ஒருவகையில் உறவே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செங்கல்லைத் தட்டிப் பார்த்தால் அதன் தரம் ஒலியிலேயே தெரிந்துவிடும். ஃபெரைட் வளையம் அவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. வேறு பணிக்கென வார்க்கப்பட்ட வளையமும் அதே கருநிறத்தோடு, அதே வடிவத்தோடு இருக்கும். ஆனால், வேண்டிய அலைவரிசையில் போதிய தடையைத் தராது. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் மலிவாகக் கிடைத்தது என்று எதையோ வாங்கிச் சுற்றி மாட்டினாலும், வானொலி பேசவே செய்யும்; ஜப்பானிலிருந்து மறுமொழியும் வரும். குறையின் பயனை அனுபவிப்பவர் அண்டை வீட்டார் மட்டுமே. அவருக்கோ காரணம் தெரியாது.

அறத்தின் வினா இங்குதான் எழுகிறது. தவற்றின் தண்டனை செய்தவரைச் சாராமல் பிறரைச் சாருமிடத்து, அத்தவற்றைத் திருத்தச் செய்வது எது? உரிமத் தேர்வை நடத்துவோர் ஒவ்வொரு கூரையின்மீதும் ஏறிப் பார்ப்பதில்லை. மூடிய பெட்டிக்குள் எத்தனை சுற்றுகள் உள்ளன என்பதைச் சுற்றிய கையே அறியும். கடையில் வாங்கியவர் விற்றவர்மீது பழிபோடலாம். தாமே செய்தவருக்கு அவ்வழி இல்லை. அளந்து பார்த்து, பிழையெனில் அவிழ்த்து மீண்டும் சுற்றுவதே அவர் கடன். தற்செய்கையின் பெருமை சிக்கனத்தில் மட்டும் இல்லை. பொறுப்பை வேறெவர்மீதும் சுமத்த இயலாமையிலும் இருக்கிறது.

பேரிடர்க் காலத்தில் உயிர்காக்கும் கலைக்காக அண்டை வீட்டார் சிறு தொல்லையைப் பொறுக்கலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலியாளர் ஆற்றிய தொண்டை உலகம் போற்றியது உண்மையே. ஆனால், பெருந்தொண்டு சிறு தீங்கிற்கு உரிமச்சீட்டு ஆகாது. மேலும், அத்தகைய நேரத்தில் முதன்மையாக வேண்டுவது நலிந்த குரலையும் கேட்கும் ஆற்றலன்றோ? நம் வடத்தின் உறை வழியே ஓட்டம் வெளியே கசிவதுபோலவே, வீடுகளிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலும் அதே வழியாக உள்ளே ஏறுகிறது. அதனையும் தடுப்பது அதே பாலுன்தான்.

தன் இரைச்சலை அடக்கிக்கொள்பவனுக்கே பிறர் குரல் தெளிவாகக் கேட்கிறது. இஃது இயற்பியல் விதி. வீட்டிலும் மேடையிலும் அரசியலிலும் செல்லுபடியாகும் வாழ்வியல் விதியுமாகும். ஆயின் கேட்கும் பயன் கருதி மட்டும் அடங்குதல் வாணிகமே. பயன் வாராவிடினும், பார்ப்பார் எவரும் இல்லாவிடினும், சுவருக்கு அப்பால் உறங்கும் ஒருவருக்காகச் சரியாகச் சுற்றப்படும் அந்தப் பன்னிரண்டு சுற்றுகளே அறம்.