எவரைக் கேட்டு வாங்குவது?

பேராக் தோட்டங்களிலே பெரட்டில் பேர் கூப்பிட்டு, செக்ரோலில் நாள் பதிந்து, கிராணியார் கூலி கணக்கிட்ட காலம் ஒன்றுண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இந்நாளில் அக்கணக்கைப் பல இடங்களில் கணினி மென்பொருள் செய்கின்றது. அதை விலைபேசி வாங்குவோர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உள்ள தலைமை அலுவலகத்தார்; அதனோடு நாள்தோறும் உழல்வோரோ கிராணியும் தொழிலாளியும்.

இவர்களைக் கேட்டா வாங்குகின்றனர்? “பெரியவர் சொன்னால் சரி” என்று தலையசைத்துப் பழகிய இடத்தில், கேட்டாலும் உண்மை வெளிவருவது அரிது.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் தபால் நிலையங்களில் 1999-இல் புகுந்த ஹொரைசன் என்னும் மென்பொருள், இல்லாத பணக்குறையை இருப்பதாகக் காட்டிற்று. கணினி பிழையாதெனச் சாதித்த மேலோர், முறையிட்ட எளியோரையே திருடரென்றனர். 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். 2024-இல் தனிச் சட்டம் இயற்றியன்றோ அப்பழியைத் துடைக்க வேண்டியதாயிற்று!

ஆதலின் விலையும் விற்போர் புகழும் நோக்குதல் மட்டும் போதாது. பழைய கணக்கோடு புதியதைச் சில மாதம் ஒப்பிட்டு, கிராணி அஞ்சாது “சரி” என்ற பின்னரே முழுப்பணமும் கொடுத்தல் வேண்டும். “தவறு” என்று அவர் சொன்னாலும் அவர் வேலைக்கு ஊறு நேராதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கொள்முதல், எத்துணை மலிவாயினும், அறமாகாதென்பது நம் துணிபு.