கடமையில் மனம் ஒன்றுதல்

மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டுச் செய்யும் செயலே வழிபாடு என்பது சைவ மரபு. வாய் மந்திரம் சொல்ல, கை மலர் தூவ, மனம் மட்டும் சந்தையில் திரியுமாயின் அது பூசையாகாது. இவ்விதி ஆலயத்திற்கு மட்டும் உரியதா, அன்றி நாம் அன்றாடம் செய்யும் தொழிலுக்கும் உரியதா என்பது சிந்திக்கற்பாலதாகும்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டும் பூசலார் நாயனார் திருநின்றவூரைச் சேர்ந்தவர். ஆலயம் எழுப்பப் பொருள் தேடியும் கிடைக்காமையால் அதனை மனத்திலேயே கட்டத் தொடங்கினார். அத்திவாரம் முதல் தூபி வரை, கிணறு, மதில், தடாகம் என ஒன்றையும் விடாது முறைப்படி செய்து முடித்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்கு நாள் குறித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, பூசலாரின் ஆலயத்திற்கு எழுந்தருள இருப்பதால் வேறொரு நாளைக் குறிக்குமாறு பணித்தார். பொருளும் ஆளும் இல்லாத அடியவரிடம் இருந்தது சிதறாத மனம் ஒன்றே. செய்த வேலையின் பெறுமதியை இறைவன் அதனைக் கொண்டே அளந்தார்.

இன்று அந்த மனத்தைக் காப்பது அரிதாகிவிட்டது. ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை கைத்தொலைபேசி ஒலிக்கின்றது. வட்ஸ்அப் செய்தியைப் பார்க்க எடுத்தவர் முகநூலில் நின்றுவிடுகின்றார். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியை குளோரியா மார்க் 2004 இல் அளந்தபோது, வேலை செய்வோரின் கவனம் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது. பிற்காலத்தில் அது 47 விநாடியாகக் குறைந்ததைக் கண்டார். உடனே வேலைக்குத் திரும்பினாலும் மனத்தின் ஒரு பகுதி முன்பு பார்த்ததிலேயே தங்கிவிடுகின்றது. இதனைச் சோபி லெரோய் என்னும் ஆய்வாளர் 2009 இல் கவன எச்சம் எனப் பெயரிட்டு விளக்கினார்.

"என் நேரம்தானே போகின்றது, பிறருக்கு என்ன நட்டம்?" எனச் சிலர் கேட்கக்கூடும். இலிகிதர் ஒருவர் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அந்தப் பிள்ளை அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும். தாதியின் மருந்தளவு, சாரதியின் பார்வை, ஆசிரியரின் பாடம் யாவும் இத்தகையனவே. வேலை நேரத்தில் நமது கவனம் நம்மை நம்பி வந்தவருக்கு உரித்தான பொருள். அதனை வேறிடத்தில் செலவிடுதல் களவுக்கு ஒப்பாகும்.

இதற்கு வழியையும் நம் முன்னோர் வகுத்துள்ளனர். அட்டாங்க யோகத்தின் முதற்படியாகிய இயமத்திலேயே கள்ளாமை அடங்கும். ஐந்தாம் படி, புலன்களை வெளியிலிருந்து மீட்கும் பிரத்தியாகாரம். ஆறாம் படி, மனத்தை ஒன்றில் நிறுத்தும் தாரணை. ஐந்தைத் தாண்டாமல் ஆறில் ஏற முடியாது. தொலைபேசியை மேசையில் கண்முன்னே வைத்துக்கொண்டு "பார்க்கமாட்டேன்" என உறுதி கொள்வது அவ்வாறு ஏற முயல்வதே. முதலில் அதன் ஒலியை நிறுத்தி லாச்சிக்குள் வைத்துவிட்டால் மனம் தானாக வேலையில் அமரும்.

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. 2020 இல் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் பலர் அதன் வழியாகவே கற்றனர். புலம்பெயர்ந்த நம் உறவுகள் கொடியேற்றத்தையும் தேரையும் அதிலேயே கண்டு கைகூப்புகின்றனர். நாம் அழைக்கும்போது அது வரவேண்டும். அது அழைக்கும்போதெல்லாம் நாம் ஓடலாகாது.

ஆகவே அடியார்கள் தீபாராதனை வேளையிலாவது கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்துக் கண்ணாரக் கண்டு வணங்குவார்களாக. சந்நிதியில் பழகும் அந்த ஒருமை வயலிலும் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் தொடருமாயின், நாம் செய்யும் தொழிலெல்லாம் பூசையாகும். அதற்கு எம்மூரைக் காத்தருளும் விநாயகப் பெருமானின் திருவருள் துணை நிற்பதாக.