வயிற்றுக்குக் கணக்கு தெரியாது

ராத்திரி பதினொன்றே முக்கால். சமையலறையில் லைட் போடாமல், சத்தம் வராமல் டப்பா மூடியைத் திறந்து, மிக்ஸரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு மெதுவாக மென்றாலும் மிக்ஸர் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். தண்ணீர் குடிக்க வந்த மகள் லைட்டைப் போட்டாள்.

‘‘அப்பா... நீங்க டயட்ல இல்ல இருக்கீங்க?’’

என் வீடு. என் காசில் வாங்கிய மிக்ஸர். ஆனாலும் திருடன் மாதிரி முழித்தேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, சாயங்காலம் கிரீன் டீ என்று வைராக்கியமாக இருந்தேன். என் வைராக்கியம் ராத்திரி பதினொன்றரை வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

மறுநாள் விஷயம் அப்பாவின் காதுக்குப் போயிற்று. அவருக்கு வயது 78. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: ‘‘நாக்கைக் கட்டத் தெரியாதவன் வேற எதைடா கட்டப் போறான்?’’

சுருக்கென்று இருந்தது. நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதால், இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சுருக்கென்றது.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி நாம் எதுவும் நினைப்பதில்லை. தொப்பை போட்டிருந்தால் மட்டும், ‘வாயைக் கட்டத் தெரியாத ஆள்’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதிகமாகச் சாப்பிடுவது உண்மையிலேயே குணக்கேடுதானா?

2025-ல் நம் ஊர் மருந்துக் கடைகளுக்கும் வந்துவிட்டன, வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் எடை குறைப்பு ஊசிகள். குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து அது. போட்டுக்கொண்டால் பசி அடங்குகிறது. போன வாரம் வரை பரோட்டாவைக் கண்டால் விடாதவர், இந்த வாரம் பாதியில் கையைக் கழுவுகிறார். ஒரே வாரத்தில் அவர் ஒழுக்கசீலர் ஆகிவிட்டாரா என்ன? பசி ஓர் ஊசிக்குக் கட்டுப்படும் என்றால், அதைக் குணத்தின் கணக்கில் பற்று எழுதுவது நியாயமில்லை.

பி.காம். படித்தவன் ஆயிற்றே, வேறு வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது ஒரு விஷயம் புரிந்தது. வயிறு என்பது அந்தக் காலத்து அரிசிக் கடைப் படி மாதிரி. படிக்கு எவ்வளவு கொள்கிறது என்றுதான் தெரியும். உள்ளே இருப்பது ரூபாய்க்கு எத்தனை என்று தெரியாது. இரைப்பை விரிவதைச் சொல்வதற்கு நரம்பு இருக்கிறது. உள்ளே போனது எத்தனை கலோரி என்று அந்த இடத்திலேயே எண்ணிச் சொல்வதற்கு ஆள் இல்லை. குடல் பின்னால் சில தகவல்களை அனுப்பும். அது போய்ச் சேர்வதற்குள் நாம் இலையை மடித்திருப்போம்.

100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரி. 100 கிராம் சோற்றில் சுமார் 130. அதே 100 கிராம் மிக்ஸரில் 500-ஐத் தாண்டும். நான் இருட்டில் விழுங்கியது இரண்டு கைப்பிடி, 50 கிராம் இருக்கும். 250 கலோரி. அதே கலோரியை வெள்ளரிக்காயில் எடுக்க வேண்டுமானால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். யாரால் முடியும்?

காரணம் எளிமையானது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. தண்ணீரில் பூஜ்யம். காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர்தான். திராட்சையில் 100 கிராமுக்கு 70 கலோரி என்றால், காய்ந்த திராட்சையில் 300. பழம் மாறவில்லை, தண்ணீர் மட்டும் போய்விட்டது.

இதை ஆராய்ச்சியும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 வகை உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி வருகிற மாதிரி அளந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை எது எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று கேட்டார்கள். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு. கடைசி இடம் குரோசான் என்கிற வெண்ணெய் ரொட்டிக்கு. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம்!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1999-ல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் சுவாரஸ்யம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு பெண்களுக்குக் கோழியும் அரிசியும் சேர்த்துச் சமைத்த ஒரு பண்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு நாள் வெறும் பண்டம். இன்னொரு நாள் அதோடு ஒரு டம்ளர் தண்ணீர். மற்றொரு நாள் அதே தண்ணீரைப் பண்டத்திலேயே ஊற்றி சூப்பாக. பக்கத்தில் வைத்த தண்ணீரால் பிரயோஜனம் இல்லை. சூப் குடித்த அன்று மட்டும் அந்தப் பெண்கள் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

அப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். ‘‘இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா போகணுமாடா? அறுபத்தி ஆறுல எங்கம்மா கஞ்சியில தினம் பண்ணினது இதைத்தானே! அரிசி குறையக் குறையத் தண்ணி ஏறும்.’’

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வார்த்தையை அன்றைக்கு நான் சரியாகக் கேட்கவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

என் சாப்பாடு மாறியது. முதலில் ஒரு டம்ளர் ரசம். தட்டில் பாதிக்குக் கீரையும் பொரியலும். அப்புறம்தான் சோறு. மிக்ஸருக்குப் பதில் தர்பூசணி, வேகவைத்த சுண்டல். நாக்கைக் கட்டவே இல்லை. கரண்டியை மட்டும் மாற்றினேன். பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேப்பரில் ‘குறைந்து செல் பயன்பாட்டு விதி’ என்று படித்திருப்பீர்கள். முதல் ஆரஞ்சில் கிடைத்த திருப்தி நாலாவதில் கிடைக்காது. ஆனால் பக்கத்தில் ஒரு பாயசத்தை வைத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கல்யாண வீட்டில், ‘இனி ஒரு பருக்கைக்கும் இடமில்லை’ என்று சொன்ன வாய் பாயசத்துக்கு இடம் கண்டுபிடிப்பது அதனால்தான். ஆகவே பொரியலில் நான்கு வகை, இனிப்பில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. பசியும் இல்லை, டப்பாத் திருட்டும் இல்லை.

ஜெயித்தவன் சும்மா இருப்பானா? வீட்டுக்கே சட்டம் போட்டேன். எல்லோருக்கும் முதலில் காய்தான். நெய் ஜாடி மேல் ஷெல்ஃபுக்குப் போனது. மனைவி முணுமுணுத்தாள். மகள் பள்ளி கேன்டீனில் பப்ஸ் சாப்பிட்டுச் சமாளித்தாள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். சோறு போடப் போனால், ‘‘வயிறு ரொம்பிடுச்சுடா’’ என்று கையைக் குறுக்கே வைத்தார்.

ஒருநாள் அவர் வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எடை பார்த்தால், மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கியிருந்தது. பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு ஓடினேன். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: ‘‘என்ன சாப்பிடறார்?’’

சொன்னேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். ‘‘சார், இந்த வயசுல சாப்பிடறதே நாலு வாய். அந்த நாலு வாயையும் நீங்க கீரையிலயும் வெள்ளரிக்காயிலயும் அடைச்சிட்டா, மத்தது எங்க போகும்? பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் முதல்ல கொடுங்க. சோத்துல நெய் ஊத்துங்க.’’

ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் அந்தக் கஞ்சிப் பேச்சு காதில் விழுந்தது. 1966-ல் அப்பாவுக்கு 18 வயது. ஊரெல்லாம் அரிசிப் பஞ்சம். அடுத்த வருஷத் தேர்தலே ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற கோஷத்தோடு நடந்தது. அந்த நாளில் பாட்டி கஞ்சியில் ஊற்றியது பிள்ளைகளின் வயிற்றை ஏமாற்றுவதற்கான தண்ணீர். நிறைந்ததாகத் தோன்றும், ஆனால் ஒன்றும் இருக்காது. அறுபது வருஷம் கழித்து, அரிசி மூட்டையாக வந்து இறங்குகிற வீட்டில், அதே ஏமாற்று வேலையை விஞ்ஞானத்தின் பெயரால் அதே மனிதருக்கு நான் செய்திருக்கிறேன். ‘வயிறு ரொம்பிடுச்சு’ என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. படி நிறைந்துதான் இருந்தது.

‘நல்ல சாப்பாடு’, ‘கெட்ட சாப்பாடு’ என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை போனது அன்றைக்குத்தான். என் தட்டில் வில்லனான நெய், பல் முளைக்கிற குழந்தையின் பருப்பு சாதத்தில் டாக்டர்களே ஊற்றச் சொல்கிற நெய். குழந்தையின் வயிறு சின்னது. அந்தச் சின்னப் படியில் வளர்ச்சிக்கானதை எல்லாம் அடைக்க வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு கடலைமிட்டாய் பாக்கெட் அதிகம். கோயம்பேட்டில் விடியற்காலையிலிருந்து மூட்டை தூக்குகிறவருக்கு அது நியாயமான டிபன். அவரைப் பார்த்து, ‘இதுல கலோரி ஜாஸ்திங்க’ என்று சொன்னால் அதைவிட அபத்தம் உண்டா? என்னைக் குணங்கெட்டவன் என்று அப்பா சொன்னது தவறு என்றால், என் அளவை எல்லோர் தட்டிலும் வைத்தது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறில் மனசு நொந்தது. இரண்டாவதில் உடம்பே இளைத்துவிட்டது.

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம். அதில் உள்ள பத்துக் குறள்களில் ஆறு சாப்பாட்டைப் பற்றியவை. மருந்து அதிகாரத்தில் 60 சதவிகிதம் சாப்பாடு! அளவு தெரிந்து சாப்பிடச் சொல்கிறார் வள்ளுவர். ஆனால் எத்தனை கரண்டி என்று சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டது மறதியால் இருக்காது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே சமையல், மூன்று விதப் பரிமாறல். எனக்கு ரசம் முதலில், அப்பாவுக்குக் கடைசியில். மகளுக்குப் பசித்தபோது எது இருக்கிறதோ அது.

நெய் ஜாடி கீழ் ஷெல்ஃபுக்கு இறங்கிவிட்டது. நேற்று ராத்திரி அப்பாவின் பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டேன். ‘‘போதும்டா’’ என்று கையைக் குறுக்கே நீட்டினார்.

காதில் விழாத மாதிரி, விரல் சந்து வழியே இன்னொரு ஸ்பூன் ஊற்றினேன்.