பூட்டு யார் கையில்?

சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய ‘ஒயிட் டாக்’ படம் 1982இல் பிரான்சில் திரைக்கு வந்தது. அமெரிக்க நிறுவனமான பாரமவுண்ட் தயாரித்த அமெரிக்கக் கதை அது. ஆனால் அமெரிக்காவில் சில சோதனைக் காட்சிகளோடு அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அங்கே திரையரங்குக்கு முறையாக வர 1991 ஆயிற்று. இனவெறியைச் சாடும் படம், இனவெறிப் படமோ என்ற சந்தேகத்தில் ஒன்பது ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. இப்படி ஒரு படத்தைப் பிற்காலத்தில் போற்றும்போது, அன்று எதிர்த்தவர்களையெல்லாம் அறிவிலிகளாக்கிவிடுவது ரசிகர்களின் வழக்கம். அந்த வழக்கம் நியாயமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

கதை எளியது. ஜூலி என்ற இளம் நடிகையின் கார், இரவில் ஒரு வெள்ளை ஷெப்பர்ட் நாய்மீது மோதுகிறது. மருத்துவம் பார்த்து அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். வீட்டில் புகுந்து அவளைத் தாக்க வந்தவனை விரட்டி அந்த நாய் அவளைக் காப்பாற்றுகிறது. பிறகுதான் தெரிகிறது, கறுப்பினத்தவரைக் கண்டாலே பாய்ந்து குதறும்படி அது பழக்கப்பட்டிருக்கிறது. பழக்கிய விதத்தையும் படம் சொல்கிறது: போதைக்குக் காசு தேடும் ஏழைக் கறுப்பர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, குட்டியாக இருக்கும்போதே அதை அடிக்கச் சொல்வார்கள். நாய்க்குள் ஏறிய வெறுப்பை, அந்த வெறுப்புக்கே இரையாகப்போகிறவர்களின் கையைக் கொண்டே ஊட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு தகவலுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

நாயைத் திருத்தும் பொறுப்பை ஏற்பவர் கீஸ் என்ற கறுப்பினப் பயிற்சியாளர். பால் வின்ஃபீல்ட் நடித்திருக்கிறார். கம்பிக் கூண்டுக்குள் காப்புடை அணிந்து நாயின் முன் நிற்கிறார். நாள் செல்லச் செல்லத் தன் கறுப்புத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காட்டுகிறார். தன் கையாலேயே தீனி கொடுக்கிறார். எனியோ மோரிகோனேயின் இசை இங்கே பயமுறுத்துவதில்லை, துக்கம் விசாரிக்கிறது.

நாயை வளர்த்தவனும் ஒரு காட்சியில் வருகிறான். ஊரை நடுங்கவைக்கும் முரடன் அல்ல. இரண்டு பேத்திகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு மிட்டாய்ப் பெட்டியோடு வரும் தாத்தா. நாயைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி, அதைத் திரும்பப் பெற வந்திருக்கிறார். பழக்கியது நீங்களா என்று ஜூலி கேட்டதும் மறைக்காமல் பெருமையோடு ஒப்புக்கொள்கிறார். ஃபுல்லர் செய்தியாளராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் போரிட்டு, ஃபால்கெனாவ் வதைமுகாமை 1945இல் கேமராவில் பதிவு செய்தவர். கொடுமை சாதாரண முகத்தோடு வரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் எதிர்த்தவர்கள் தவறு செய்தார்களா? படப்பிடிப்புக் காலத்திலேயே கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி தரப்பிலிருந்து கவலை எழுந்தது. படம் முடிவதற்கு முன்பே எதிர்ப்பா என்று கேட்பது சுலபம். ஆனால் அதே அமைப்பு 1915இல், கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டிய ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தை எதிர்த்துப் போராடியது. அந்தப் படம் ஓடிய ஆண்டிலேயே வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் மறுபடி உயிர்பெற்றது. 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது காவல்துறை நாய்களை ஏவியது. அந்த ஊர்வலங்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு நாய் கறுப்பின மனிதரைக் கடிப்பது மற்றவர்களுக்குத் திரைக்காட்சி; கறுப்பினத்தவருக்கு அது இருபது ஆண்டுகூட ஆகாத ஞாபகம். இந்தப் படத்தைப் பார்த்து யாராவது நாயைப் பழக்கக் கற்றுக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி மிகையாகத் தெரியலாம். கேட்கும் உரிமை எதிர்த்தவர்களுக்கு முழுமையாக இருந்தது.

கேள்வி கேட்பது வேறு, படத்தைப் பூட்டுவது வேறு. பூட்டு எதிர்ப்பாளர்களிடம் இல்லை, நிறுவனத்திடம் இருந்தது. கதை எத்தகையது என்று தெரிந்தேதான் நிறுவனம் பணம் போட்டது. படத்தை வெளியிட்டு, இதில் நாங்கள் சொல்வது இது, வாருங்கள் விவாதிப்போம் என்று நின்றிருக்கலாம். தலைவலி எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டது. அறத்தின் பெயரால் செய்யப்படும் எல்லாத் தடைகளுக்கும் அறம் காரணமாக இருப்பதில்லை. கணக்குப் புத்தகமும் காரணமாக இருக்கும். இதில் பழி மட்டும் கறுப்பின அமைப்புமேல் விழுந்தது, இன்றும் விழுகிறது. அது நியாயமில்லை.

படத்தின் குறைகளையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. கீஸைத் தவிர, இதில் வரும் கறுப்பினத்தவர் பெரும்பாலும் கடிபடுவதற்காகவே வருகிறார்கள். தெருக்கூட்டும் வண்டி ஓட்டுபவர், படப்பிடிப்புத் தளத்தில் உடன் நடிக்கும் பெண் ஆகியோரின் வீடு, குடும்பம், வலி எதுவும் நமக்குத் தெரியாது. படம் ஜூலியின் மனசாட்சியைத்தான் நெருக்கமாகப் பின்தொடர்கிறது. எதிர்த்தவர்கள் படத்தைப் பார்த்திருந்தாலும் இந்தக் குறையைச் சொல்லியிருப்பார்கள், சரியாகவே சொல்லியிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் நடுவில் இருக்கிறது. நாய் கூண்டிலிருந்து தப்பிவிடுகிறது. தெருமுனையில் ஒரு கறுப்பினக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. நாய் திரும்பிப் பார்ப்பதற்குள் தாய் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அடுத்து வரும் மனிதருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தேவாலயத்துக்குள் ஓடியும் உயிர் தப்பவில்லை. கடிபடுவதைக் காட்டாமல் கேமரா வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்கு நகர்கிறது. அதில் விலங்குகளை நேசித்த புனித பிரான்சிஸ். நாயைக் கொன்றுவிடலாம் என்று ஜூலியே சொல்லும் நிலையில், கீஸ் மறுக்கிறார். இந்த ஒரு நாயைத் திருத்த முடிந்தால், இனி யாரும் இப்படிப் பழக்கத் துணியமாட்டார்கள் என்பது அவர் வாதம். விஷயம் காவல்துறைக்குப் போவதில்லை.

கீஸ் செய்தது தவறு. எதிர்காலத்தில் காப்பாற்றப்படக்கூடியவர்களுக்காக, இன்று செத்துக் கிடப்பவரின் குடும்பத்திடமிருந்து உண்மையை மறைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இல்லை. படம் அவரைக் கண்டிக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. தீர்ப்பைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறது. இனவெறியை எதிர்க்கிற மனிதனே இன்னொரு அநீதிக்கு உடந்தையாகும் அந்தப் பகுதிதான், நல்லெண்ணப் பிரச்சாரப் படங்களிலிருந்து இதைப் பிரித்து உயர்த்துகிறது.

மூலக்கதை எழுதிய ரோமெய்ன் கரியின் புத்தகத்தில் கறுப்பினப் பயிற்சியாளர் அந்த நாயை வெள்ளையர்மேல் பாயும்படி பழக்கிவிடுகிறார். பழிக்குப் பழி என்ற அந்த முடிவை ஃபுல்லர் ஏற்கவில்லை. அவர் படத்தில் நாய் கறுப்பினத்தவரிடம் சாந்தமாகிறது. பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரு வெள்ளைக்காரக் கிழவர்மேல் பாய்கிறது. கீஸ் சுட வேண்டியதாகிறது. ஊட்டிய வெறுப்பு இலக்கை மாற்றிக்கொண்டதே தவிர இறங்கவில்லை.

இதன் பிறகு ஃபுல்லர் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார். 1997இல் இறக்கும்வரை ஹாலிவுட்டில் அவர் வேறு படம் எடுக்கவில்லை. ‘ஒயிட் டாக்’ 2008இல் டிவிடியில் வெளிவந்தது. தேடிப் பாருங்கள், பார்த்த பிறகு எதிர்க்கத் தோன்றினால் தாராளமாக எதிர்த்து எழுதுங்கள்.