பிறவிப் பொல்லாதவர்கள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தான் படைத்தவர்களைத் தானே கொன்றாலும் அவனைத் தேடிப் போலீஸ் வராது. அது போகட்டும். கொல்லப்படுவதற்கென்றே ஒரு குலத்தை, தாய் வயிற்றிலிருந்து வரும்போதே பொல்லாததாகச் சிருஷ்டிக்க அவனுக்கு அதிகாரம் உண்டா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் ஓர் ஆங்கிலப் பேராசிரியர்.

ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த டோல்கீன், 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதையை மூன்று பாகங்களாக வெளியிட்டார். அதில் மலை, நதி, பாஷை எல்லாமே கற்பனை. அந்த உலகத்துக்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. முதல் உலக யுத்தத்தில் ஸோம் போர்முனையிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய இளைஞர் அதை எழுதத் தொடங்கினார். 1973இல் கண்ணை மூடும்வரை முடிக்கவில்லை. மகன் கிறிஸ்டபர் தொகுத்து 1977இல் 'சில்மரில்லியன்' என்று வெளியிட்டார்.

பெருங்கதையில் ஆர்க் என்று ஒரு கூட்டம் வருகிறது. தீய அரசனின் படை. ஆயிரமாயிரமாக வந்து வெட்டுண்டு விழுகிறார்கள். அவர்களுக்காக யாரும் அழுவதில்லை, வாசகனும்தான். யுத்தக் கதைக்கு இது வசதியான ஏற்பாடு.

ஆனால் ஓரிடத்தில் ஷக்ராத், கோர்பாக் என்ற இரண்டு ஆர்க்குகளை ஆசிரியர் பேசவிடுகிறார். அவர்கள் மேலிடத்தைப் பற்றி முணுமுணுக்கிறார்கள். யுத்தம் முடிந்ததும் நம்பிக்கையான நாலு பேரோடு, பெரிய எஜமானர்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்கிறான் ஒருவன். அங்கே கொள்ளையடிக்கவும் தோதிருக்க வேண்டுமாம்! கொள்ளைக்காரன்தான், சந்தேகமில்லை. இருந்தாலும், மேலதிகாரியிடம் அலுத்துப்போன குமாஸ்தாவின் குரல் அல்லவா அது?

டோல்கீன் கத்தோலிக்கர். தீமைக்குச் சிருஷ்டி செய்யத் தெரியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் தெரியும் என்று நம்பியவர். அப்படியானால் ஆர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள்? ஆதியில் மெல்கோர் என்னும் தீய சக்தி, முதுமையறியாத எல்ஃப் குலத்தாரில் சிலரைச் சிறைப்பிடித்து, மெல்ல மெல்ல உருக்குலைத்து உண்டாக்கியவர்கள் என்கிறது 1977ஆம் ஆண்டு நூல். இதைப் படித்ததும் போர்க்களமே எனக்கு வேறாகத் தெரிந்தது. அங்கே வெட்டுண்டு விழுகிறவன் ஒரு கைதியின் வம்சம். தன் முன்னோரைச் சித்திரவதை செய்தவனின் தளபதிக்காக அவன் சாகிறான்.

ஆசிரியரையும் இது உறுத்தியிருக்கிறது. முதுமையில் அவர் எழுதிய குறிப்புகள் 1993இல் அச்சாயின. ஒரு சமயம், ஆர்க்குகள் கிளிப்பிள்ளைபோலப் பேசும் மிருகங்கள் என்கிறார். இன்னொரு சமயம், மனிதரிலிருந்து திரிந்தவர்கள் என்கிறார். மிருகம் என்றால் கொல்வதில் பாவம் குறைவுதான். ஆனால் எஜமானன் இல்லாத ஊருக்குப் போக எந்தக் கிளி ஆசைப்பட்டது?

நம் புராணிகர்கள் இதில் கெட்டிக்காரர்கள். இரணியன் வீட்டில் பிரகலாதனைப் பிறக்க வைத்தார்கள். இலங்கையில் விபீஷணனை வைத்தார்கள். டோல்கீனிடம் நல்ல ஆர்க் ஒருவன்கூடக் கிடையாது.

"கற்பனைதானே, இதற்கு ஏன் இத்தனை விசாரம்?" என்று கேட்கலாம். கற்பனையோடு நிற்பதில்லையே! 1871இல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளையும் குற்றப் பரம்பரை! இங்கே 1947இல்தான் அதை ஒழித்தார்கள். சட்டம் எழுதியவர்கள் கதாசிரியர்கள் அல்ல. ஆனாலும் ஒரு கதையை நம்பித்தான் எழுதினார்கள்.

ஆர்க் ஒருவன் சரணடைந்து கருணை கேட்டால், நஷ்டம் வந்தாலும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்தக் குறிப்புகளில் கிழவர் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த பிறகு பெருங்கதையின் கோட்டைப் போரைத் திரும்பப் புரட்டினேன். தோற்ற மலைநாட்டு மனிதர்களுக்கு அங்கே உயிர்ப்பிச்சை கிடைக்கிறது. கூட நின்று போரிட்ட ஆர்க்குகளோ பக்கத்திலிருந்த காட்டுக்குள் ஓடுகிறார்கள். அவர்களில் ஒருவனும் வெளியே வரவில்லை.