பெயரும் ஆபத்தும்

டோல்கேட்டில் இன்று சுங்கம் வசூலிப்பவர் இல்லை. 2021இல் திறந்த மெட்ரோ நிலையமும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. யாருக்கும் நஷ்டமில்லை. ராணுவத்தில் அப்படியல்ல, அங்கே பெயருக்காகச் சாகச் சொல்கிறார்கள்.

ஆற்காட்டு நவாபின் கீழ் 1776இல் தோன்றிய 16வது லைட் கேவல்ரி, 1965 யுத்தத்தில் ஐம்பது டன் செஞ்சூரியன் டாங்கிகளில் போயிற்று. குதிரையும் இல்லை, ‘லைட்’டும் இல்லை. பெயர் பொய்தானா?

1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்களைப் பார்க்கலாம். எதிரியின் கோட்டையை நோக்கிப் பள்ளம் தோண்டிப் போகிறவன் சாப்பர். இன்று பாலம் போடுகிறான், கண்ணிவெடி அகற்றுகிறான். கருவி மாறிற்று, பயிற்சி மாறிற்று. பிறர் கடப்பதற்காகத் தான் முன்னே போகும் ஆபத்து மாறவில்லை. பெயரின் உண்மை அங்கே இருக்கிறது. டாங்கிக்காரனும் இதில் தேறிவிடுகிறான். ஆபத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சுமப்பதே பொய். ‘கவிஞன்’ என்ற பெயருக்கும் வேறு அளவுகோல் கிடையாது.